அழுதால் சிவப்பு, அடங்கினால் நீலம்

மயக்க மருந்து டாக்டரிடம் கேளுங்கள்

பிறந்து ரெண்டு நாள் ஆன பிள்ளைக்குக்கூட மயக்க மருந்து கொடுப்போம் என்று போன மாதம் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுக்க. அதிலும் பாதிக்கு மேல் மூச்சுப்பாதை அடைப்பைப் பற்றியவை. முப்பது வருஷத்துக்கு மேல் தியேட்டரில் பச்சைப்பிள்ளைகளின் தலைமாட்டில் நின்றவள் நான், எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

என் தங்கைக்குப் பெண் குழந்தை, 2 கிலோ 900 கிராம். பிறந்ததும் வீறிட்டு அழுதாள், நல்ல சிவப்பு. துடைத்துத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். அழுகை அடங்கியதும் உதடு நீலம் பூத்துவிட்டது. பதறிப்போய்க் காலைச் சுண்டினேன், மறுபடி அழுதாள், மறுபடி சிவந்தாள். சிஸ்டர் மூக்கில் ஒரு சின்ன டியூப் விட்டுப் பார்த்தார், ரெண்டு பக்கமும் போகவில்லை. வாயில் ஒரு பிளாஸ்டிக் வளைவை வைத்து ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். ஆறாம் நாள்தான் ஆபரேஷன். இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனாலும் கேட்கிறேன், ஒரு குழந்தைக்கு வாயால் மூச்சு விடத் தெரியாதா? ஆறு நாள் ஏன் சும்மா வைத்திருந்தார்கள்?
– வாசகி, கோவில்பட்டி

காலைச் சுண்டினீர்கள் பாருங்கள், அந்த நிமிடத்துக்கு அதுதான் வைத்தியம். அழ வேண்டுமென்றால் வாயைத் திறந்தாக வேண்டும். திறந்தால் காற்று போகும்.

பச்சைப்பிள்ளையின் குரல்வளை நம்முடையதைவிட மேலே உட்கார்ந்திருக்கும். கழுத்தெலும்புக் கணக்கில் அதற்கு மூன்றாவது, நான்காவது எலும்புக்கு நேர். நமக்கு அது ஐந்தாவது, ஆறாவது வரை இறங்கிவிடும். அவ்வளவு மேலே இருப்பதால் குரல்வளை மூடி போய் அண்ணத்தின் பின்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூக்கிலிருந்து மூச்சுக்குழாய்க்கு நேர்வழி, பால் அதன் ரெண்டு பக்கமும் வழிந்து உணவுக்குழாயில் இறங்கும். காம்பை விடாமல் சப்பிக்கொண்டே பிள்ளை மூச்சு விடுவது இந்த ஏற்பாட்டால்தான். நீங்களும் நானும் காபி குடித்துக்கொண்டே மூச்சு இழுத்துப் பார்த்தால் புரையேறிச் சட்டை நனையும். இந்த வசதிக்குப் பிள்ளை கொடுக்கிற விலை ஒன்று உண்டு: முதல் சில மாதங்கள் மூக்குதான் அதன் வாசல். வாசலை அடைத்தால் வாய் வழியே மூச்சு விடலாம் என்று அதற்குச் சட்டென்று தோன்றாது.

உங்கள் தங்கை மகளுக்கு மூக்கின் பின்வாசல் ரெண்டும் திறக்காமலே பிறந்திருக்கிறது. கோயேனல் அட்ரீசியா என்பார்கள். ஏறக்குறைய 7000 - 8000 பிரசவத்துக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு அதிகம். அடைத்திருப்பது பெரும்பாலும் எலும்பும் சவ்வும் கலந்த ஒரு சுவர். ஒரு பக்கம் மட்டும் அடைத்திருந்தால் பல வருஷம் யாருக்கும் தெரியாது. ஒற்றை மூக்கில் ஓயாத சளி என்று பள்ளிக்கூட வயதில் கொண்டுவருவார்கள். ரெண்டும் அடைத்திருந்தால் முதல் நாளே இந்த நீலமும் சிவப்பும். டியூப் வராத காலத்தில் மூக்கடியில் குளிர்ந்த சில்வர் ஸ்பூனைப் பிடித்துப் பார்ப்போம். ஆவி படியவில்லை என்றால் காற்று வரவில்லை. இன்றைக்கும் அந்த ஸ்பூனை நான் கேலி செய்ய மாட்டேன்.

வாயில் வைத்த பிளாஸ்டிக் வளைவுக்கு ஏர்வே என்று பெயர். நாக்கு அண்ணத்தோடு ஒட்டிவிடாமல் தடுக்கும். அது கிடைக்காத இடத்தில் பால்புட்டி ரப்பரின் நுனியை அகலமாக வெட்டி வாயில் வைத்து, நாடாவால் பின்னந்தலையில் கட்டுவதும் உண்டு. பார்க்க எளிய வேலை, உயிரைப் பிடித்து வைக்கிற வேலை. அது இருந்ததால்தான் ஆறு நாள் கிடைத்தது. அந்த ஆறு நாளும் சும்மா போகவில்லை. மூக்கின் பின்வாசல் திறக்காத பிள்ளைகளில் சிலருக்கு இதயத்திலும் கண்ணிலும் காதிலும் குறை சேர்ந்தே இருக்கும். இதயத்தில் ஓட்டை இருக்கிறதா என்று எக்கோ பார்க்காமல் நான் மயக்க மருந்து கொடுக்க மாட்டேன். சி.டி. ஸ்கேனில் சுவரின் கனத்தையும் அளந்திருப்பார்கள்.

மூச்சு அடைத்த பிள்ளைகளிலேயே இந்தப் பிள்ளைதான் எங்களுக்குக் கொஞ்சம் சுலபம். அடைப்பு மூக்கில், மூச்சுக்குழாய்க்குள் நாங்கள் விடுகிற டியூப் போவதோ வாய் வழியாக. வாயைத் திறந்துவிட்டால் அடைப்பு நமக்குப் பின்னால் போய்விடும். அடுத்த கடிதத்தில் வரும் பிள்ளைக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

என் பையனுக்குத் தாடை சின்னது, அண்ணத்தில் பிளவு. பிறந்து மூன்றாவது வாரம் ஒரு ஆபரேஷன். காலை எட்டு மணிக்கு எடுப்பதாகச் சொல்லி, 'காது மூக்கு தொண்டை டாக்டர் வந்து நின்றால்தான் மருந்து கொடுப்பேன்' என்று மயக்க மருந்து டாக்டர் பதினொரு மணி வரை இழுத்தடித்தார். பிள்ளை பசியில் கதற, நாங்கள் வெளியே துடிக்க, ஒரு டியூப் போட இவருக்கு இன்னொரு டாக்டர் துணையா? இப்படித் தைரியம் இல்லாதவர் ஏன் இந்த வேலைக்கு வர வேண்டும்?
– ஒரு தகப்பன், நாமக்கல்

உங்கள் கோபம் புரிகிறது. மூன்று மணி நேரம் பசியில் பிள்ளையைக் கதறவிட்டது தப்பு. காது மூக்கு தொண்டை டாக்டர் வரும் நேரத்தை விசாரித்துப் பாலை நிறுத்தியிருக்கலாம், நடுவில் டிரிப்ஸாவது போட்டிருக்கலாம். ஆனால் காத்திருந்தது தப்பில்லை. தைரியத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். தைரியமாக இருந்து நான் பட்டதைச் சொல்கிறேன்.

1991. எனக்கு மயக்கவியலில் டிப்ளமோ முடிந்து ரெண்டாவது வருஷம். ஆசனவாய் இல்லாமல் பிறந்த ஆண் குழந்தை, ரெண்டாம் நாள், வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. அவசரம். முகத்தைப் பக்கவாட்டில் பார்த்திருந்தால் ஒரு நொடியில் புரிந்திருக்கும்: கீழுதட்டுக்குக் கீழே தாடை என்று ஒன்று இல்லாமல் நேராகக் கழுத்துக்குச் சரிந்திருந்தது. நான் மேலிருந்துதான் பார்த்தேன். பிள்ளை அசையாமல் கிடந்தால் டியூப் போடச் சுலபம் என்று ஸ்கோலின் கொடுத்தேன். தசையெல்லாம் தளர்ந்து, மூச்சு நின்றது. நாக்கை ஒதுக்கிக் குரல்வளையைப் பார்க்கிற பிளேடை உள்ளே விட்டால் நாக்கு, நாக்கு, வெறும் நாக்கு. குரல்வளை தெரியவே இல்லை. வெளியே எடுத்து மாஸ்க்கை வைத்து அமுக்கினால் நெஞ்சு எழும்பவில்லை. தளர்ந்த நாக்கு கார்க் மாதிரி தொண்டையை அடைத்துவிட்டது. அடித்த காற்றில் பாதி வயிற்றுக்குப் போய் அந்தப் பானை இன்னும் உப்பியது.

எங்களிடம் இருந்த ஒரே பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அன்று அந்த அறையில் இருந்தது புண்ணியம். அதன் ஒலியைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும்: ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையக் குறைய அந்த 'டிங்' சுருதி இறங்கும். மேல் ஸட்ஜத்திலிருந்து ஒவ்வொரு ஸ்வரமாக இறங்குகிற மாதிரி. கூடவே காலமும் விளம்பமாகும், ஏனென்றால் இதயத்துடிப்பும் குறைகிறது. அந்த இறக்கத்தை நான் இன்றைக்கும் கனவில் கேட்பதுண்டு. பக்கத்து தியேட்டரிலிருந்து எங்கள் சீஃப் கையுறையோடு ஓடி வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. சில்க் நூல் கேட்டார், நாக்கின் நுனியில் ஒரு தையல் போட்டு முன்னால் இழுத்தார், பிள்ளையை ஒருக்களித்துப் போட்டார். மாஸ்க்கில் நெஞ்சு எழும்பியது. ஸ்கோலின் சில நிமிடத்தில் இறங்குகிற மருந்து என்பதால் பிள்ளை தானே மூச்சு விடத் தொடங்கியது. வேறு நீண்ட நேர மருந்தைக் கொடுத்திருந்தால் இந்தப் பகுதியை எழுத எனக்குக் கை வந்திருக்காது. அன்று ஆபரேஷனை முதுகில் ஊசி போட்டு, பிள்ளை விழித்திருக்கும்போதே முடித்தார்கள். குளுக்கோஸில் நனைத்த பஞ்சுத் துணியைச் சப்பிக்கொண்டு அது சமர்த்தாகக் கிடந்தது. முடிந்ததும் சீஃப் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அவன்தான் மூச்சு விட்டுக்கிட்டு இருந்தானே, அதை ஏம்மா வாங்குனே?"

உங்கள் டாக்டர் மூன்று மணி நேரம் காத்திருந்தது அந்தக் கேள்வி வராமல் இருக்கத்தான்.

பிள்ளையிடம் சேமிப்பு குறைவு. ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 6 முதல் 8 மில்லி ஆக்ஸிஜனைச் செலவழிக்கிறது, பெரியவர்கள் 3 - 4 மில்லிதான். நுரையீரலில் இருப்பும் கொஞ்சம்தான். முழு ஆக்ஸிஜன் கொடுத்து நிரப்பி வைத்தாலும், மூச்சு நின்றால் நல்ல பிள்ளையே ஒன்றரை நிமிடம் தாங்கினால் அதிகம். ஏற்கெனவே திணறுகிற பிள்ளை அதுகூடத் தாங்காது. பெரியவர்களுக்குக் கடைசி வழி என்று ஒன்று உண்டு, கழுத்தின் முன்பக்கம் குரல்வளைக்குக் கீழே உள்ள சவ்வைக் கீறி வழி செய்யலாம். பச்சைப்பிள்ளைக்கு அந்தச் சவ்வு மூன்று மில்லிமீட்டர்தான், விரலால் தடவினால் தட்டுப்படாது. ஆகவே கடைசி வழி என்பது ட்ரக்கியாஸ்டமி, அதாவது கழுத்தில் மூச்சுக்குழாயையே திறந்து டியூப் வைப்பது, போடத் தெரிந்த ஒரு ஆள். அந்த ஆள் வீட்டில் இருந்தால் பிரயோஜனமில்லை. கை கழுவிக்கொண்டு, தட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

உங்கள் பையனுக்கு இருப்பது பியர் ரோபின் என்கிற பிரெஞ்சுப் பல் வைத்தியர் 1923இல் விவரித்த சேர்க்கை: தாடை சின்னது, அதனால் நாக்குக்கு இடமில்லை, அது பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது, பலருக்கு அண்ணத்தில் யு வடிவத்தில் பிளவு. கருவில் தாடை வளராததால் நாக்கு மேலேயே நின்று, அண்ணத்தின் ரெண்டு பாதியும் சேரவிடாமல் தடுத்துவிடுகிறது. குப்புறப் படுக்க வைத்தால் நாக்கு தன் எடையிலேயே முன்னால் விழும், வார்டில் செய்திருப்பார்கள். அது போதாவிட்டால் டியூபை அளந்து வெட்டி மூக்கு வழியாக நாக்குக்குப் பின்னால் வரை விட்டு ஒட்டி வைப்போம். அதைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப்போகும் அம்மாக்கள் இருக்கிறார்கள். எங்கள் ஹவுஸ் சர்ஜன்களைவிட அழகாகச் செய்வார்கள். அதற்கும் அடங்காத பிள்ளைக்குத் தாடையெலும்பை ரெண்டு பக்கமும் வெட்டி, திருகு வைத்து, தினம் ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டராக நகர்த்தி நீட்டுவார்கள். உங்கள் பையனுக்குச் செய்தது அதுவா என்று நீங்கள் எழுதவில்லை.

இப்போது நாங்கள் மயக்கம் கொடுப்பது ஒரு விதத்தில் தூங்க வைக்கிற மாதிரி. செவோஃப்ளூரேன் வாயுவை மாஸ்க்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பிள்ளையைத் தன் மூச்சிலேயே ஆழமாகத் தூங்கப் பண்ணுவது. மூச்சை நிறுத்துகிற மருந்து கிட்டேயே வராது. தொண்டை மரத்துப்போக, எடைக்கு அளந்த லிக்னோகெய்ன் தெளிப்போம். மூக்கில் ஒரு மெல்லிய டியூபில் ஆக்ஸிஜன் போய்க்கொண்டே இருக்கும். பிறகு வீடியோ லாரிஞ்சோஸ்கோப்பில், அதாவது கேமரா வைத்த பிளேடில், ஒரு பார்வை. தெரியவில்லையா, லாரிஞ்சியல் மாஸ்க் வைப்போம். ஒன்றாம் நம்பர், சின்னதாய் ஒரு காற்றுத் தலையணை, குரல்வளை வாசலில் போய்க் குந்திக்கொள்ளும். சில பிள்ளைகளுக்கு விழித்திருக்கும்போதே வைத்துவிடுவதும் உண்டு. அதன் வழியாக பின்னல் ஊசி மாதிரி மெல்லிய ஃபைபர் ஸ்கோப்பை விட்டு, அதன் மேல் டியூபைச் சறுக்கி இறக்குவோம்.

ரெண்டு தடவைக்கு மேல் குத்திக் குடையக்கூடாது, காரணம் வீக்கம். பிள்ளையின் மூச்சுக்குழாயை 4 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் மிச்சம் 2. பாதிதானே குறைந்தது என்று தோன்றும். காற்று போகிற பரப்பு கால் பாகம் ஆகிவிட்டது. இழுக்க வேண்டிய சிரமம் 16 மடங்கு. இளநீர் ஸ்ட்ராவில் குடித்துக்கொண்டிருந்தவரிடம் அட்டைப்பெட்டி ஜூஸின் ஸ்ட்ராவைக் கொடுத்து அதே வேகத்தில் குடி என்றால் எப்படி? நமக்கு அதே ஒரு மில்லிமீட்டர் தொண்டைக் கரகரப்பு, ஒரு விக்ஸ் மிட்டாயோடு போய்விடும்.

அந்த டாக்டரைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

என் மாமியார் ஆபரேஷன் அன்று விடியற்காலையில் பேரனுக்குச் சேனை மாதிரி ரெண்டு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் நாக்கில் தடவிவிட்டார். அதைச் சொன்னதும் ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள். ரெண்டு சொட்டுக்கு இவ்வளவா? வீட்டில் இன்னும் அந்தச் சண்டை ஓயவில்லை.
– வாசகி, விருதுநகர்

சொன்னீர்கள் பாருங்கள், அதற்கு உங்களுக்கு ஒரு கும்பிடு. மறைத்திருந்தால் ஆபத்து. ரெண்டு சொட்டுத் தெளிந்த தண்ணீருக்காக ஒரு நாள் தள்ளியிருக்க வேண்டியதில்லை, ஒன்றிரண்டு மணி நேரம் போதும். ஆனால் டாக்டர் நிலையில் நின்று பாருங்கள். பாட்டி 'ரெண்டு சொட்டு' என்பார், கூட நின்ற அத்தை 'பாலாடையில ஊத்துனாங்க' என்பார். எதை நம்ப? தாய்ப்பால் என்றால் நாலு மணி நேரம், புட்டிப்பால் என்றால் ஆறு மணி நேரம் என்பது நான் பின்பற்றிய கணக்கு.

மூச்சு அடைத்த பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். மூச்சுக்குப் போராடுகிற பிள்ளை காற்றை விழுங்கும், வயிறு உப்பும், உள்ளே இருப்பது மேலே ஏறி வரும். டியூப் போட நேரம் பிடிக்கிற பிள்ளையும் இதுதான். அதனால் முதலில் மெல்லிய டியூப் விட்டு வயிற்றிலிருந்து காற்றையும் மிச்சத்தையும் இழுத்துவிடுவோம்.

மாமியாரைத் திட்டாதீர்கள். அவரிடம் வேறொன்றைக் கேளுங்கள்: குளிப்பாட்டும்போது பிள்ளை மூக்கில் எண்ணெய் விடுகிற, வாயால் ஊதிச் சளி எடுக்கிற பழக்கம் உண்டா? உண்டென்றால் சண்டையை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் அது பண்ணுகிற நிமோனியா சீக்கிரத்தில் ஆறாது.

பச்சைக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்தால் மூளை மந்தமாகுமா? யூடியூபில் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகர், ஓசூர்

ஏழு நாடுகளில், குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த 722 கைக்குழந்தைகளை ரெண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு செவோஃப்ளூரேன், பாதிப் பேருக்கு விழித்திருக்கும்போதே முதுகு ஊசி என்று பார்த்தார்கள். மயக்கம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ரெண்டு வயதிலும் அஞ்சு வயதிலும் சோதித்தபோது வித்தியாசம் இல்லை. 2016இலும் 2019இலும் முடிவுகள் வந்தன. மூன்று மணி நேரத்துக்கு மேல் நீள்வது, திரும்பத் திரும்பக் கொடுப்பது ஆகியவற்றில் கவனம் வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016 டிசம்பரில் எச்சரித்தது. தள்ளிப்போடக் கூடியதைத் தள்ளிப்போடுவோம். மூச்சு அடைப்பைத் தள்ளிப்போட முடியாது. ஆக்ஸிஜன் இல்லாத மூளைக்கு என்ன ஆகும் என்பதற்கு ஆராய்ச்சியே வேண்டாம்.

மனைவிக்கு ஏழாம் மாதம். ஸ்கேனில் குழந்தையின் கழுத்தில் பெரிய கட்டி, 'நீர்க்கட்டி மாதிரி இருக்கிறது' என்கிறார்கள். தண்ணீரும் அதிகமாம். 'குழந்தையைப் பாதி வெளியே எடுத்து, தொப்புள்கொடியை வெட்டாமலே மூச்சுக்கு வழி செய்வோம், எக்ஸிட் என்று பெயர்' என்கிறார் டாக்டர். கேட்டதிலிருந்து ரெண்டு பேருக்கும் தூக்கமில்லை. இப்படி நிஜமாகவே செய்வார்களா?
– வாசகர், தருமபுரி

செய்வார்கள் தம்பி. நான் அதைச் செய்த குழுவில் ரெண்டு தடவை நின்றிருக்கிறேன்.

வயிற்றுக்குள் இருக்கும்வரை குழந்தைக்கு மூச்சுக்குழாய் தேவையில்லை. கர்ப்பப்பையில் ஒட்டியிருக்கும் நஞ்சுதான் நுரையீரல். கட்டி கழுத்தை எவ்வளவு நெரித்தாலும் அது பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும். கொடியை வெட்டுகிற நொடியில்தான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. அந்த நொடியைத் தள்ளிப்போட முடிந்தால்? அவ்வளவுதான் எக்ஸிட்.

சாதாரண சிசேரியனில் முதுகில் ஊசி, குழந்தை வந்ததும் கர்ப்பப்பை சுருங்க வேண்டும், சுருங்கினால்தான் ரத்தம் நிற்கும். இதில் எல்லாம் தலைகீழ். பெரும்பாலும் அம்மாவுக்கு முழு மயக்கம், அதுவும் ஆழமாக. ஏனென்றால் அந்த வாயுதான் கர்ப்பப்பையைத் தளர்த்தி வைக்கும். சுருங்கினால் நஞ்சு பிரிந்துவிடும். தலை, தோள், ஒரு கை மட்டும் வெளியே வரும். அந்தக் குட்டிக் கையில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரைச் சுற்றுவோம், குழந்தைக்கென்று தனியாக ஒரு ஊசி போடுவோம். மிச்ச உடம்பு உள்ளேயே, சூடான தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார்கள். இப்போது அவசரமில்லாமல் வாய்க்குள் பார்க்கலாம். டியூப் போகவில்லையா, மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கிற பிராங்கோஸ்கோப். அதுவும் இல்லையா, ட்ரக்கியாஸ்டமி. அரை மணி, சில சமயம் ஒரு மணி நேரம் வரை நஞ்சு தாங்கும். காற்று நுரையீரலுக்குப் போவதை உறுதிசெய்துகொண்டு, கொடியை இறுக்கி வெட்டச் சொல்லி 'கிளாம்ப்' என்று ஒரு குரல். அதோடு வாயுவைக் குறைத்து, ஆக்ஸிடோசின் கொடுத்து, இத்தனை நேரம் தளர்த்தி வைத்த கர்ப்பப்பையைச் சுருக்க வேண்டும். மயக்க மருந்து டாக்டருக்கு வியர்ப்பது அந்த ரெண்டு நிமிடம்தான். குழந்தைக்காகக் கேட்கிற ஆபத்தை உடம்பில் வாங்கிக்கொள்வது உங்கள் மனைவி. ரத்தம் அதிகம் போகலாம் என்பதை அவரிடமே சொல்லி, அவர் வாயால் சம்மதம் கேட்க வேண்டும். உங்கள் கையெழுத்து அதற்குப் பிறகு.

இந்த முறை 1990களில் சான் பிரான்சிஸ்கோவில் வேறொரு காரணத்துக்காகப் பிறந்தது. உதரவிதானத்தில் ஓட்டை உள்ள சிசுக்களுக்கு, நுரையீரல் வளரட்டும் என்று கருவிலேயே மூச்சுக்குழாய்க்குக் கிளிப் போட்டு வைத்தார்கள். பிறக்கும்போது அந்தக் கிளிப்பைக் கழற்றும்வரை குழந்தைக்கு யார் மூச்சு கொடுப்பது? கொடியை வெட்டாமலே கழற்றினார்கள். அங்கிருந்துதான் கழுத்துக் கட்டிகளுக்கு வந்தது.

கழுத்தில் கட்டி என்றாலே எக்ஸிட் இல்லை. பக்கவாட்டில் தொங்குகிற நீர்க்கட்டி பல சமயம் மூச்சுக்குழாயைத் தொடவே தொடாது. உங்கள் டாக்டரை யோசிக்க வைத்தது அந்த அதிகத் தண்ணீராக இருக்கும். கருவிலிருக்கும் குழந்தை தண்ணீரை விழுங்கிக்கொண்டே இருக்கும். தொண்டை அமுங்கினால் விழுங்க முடியாது, தண்ணீர் தேங்கும். மூச்சுக்குழாய் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. இன்னும் தெளிவாகக் காட்டும், அது எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். பிரசவம், பச்சிளங்குழந்தை, காது மூக்கு தொண்டை, மயக்கவியல், குழந்தை அறுவை சிகிச்சை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற ஊரில், தேதிக்கு சில வாரம் முன்பே போய்த் தங்கிவிடுங்கள். தண்ணீர் அதிகம் உள்ளவர்களுக்கு வலி தேதி பார்த்து வராது. ராத்திரி ரெண்டு மணிக்கு அத்தனை டாக்டரையும் எங்கே கூட்டுவது?

பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பேத்தி மூச்சு இழுக்கும்போது புறா குமுறுகிற மாதிரி ஒரு சத்தம். பால் நன்றாகக் குடிக்கிறாள்.
– பாட்டி, பட்டுக்கோட்டை

இழுக்கும்போது மட்டும் சத்தம், மல்லாந்தால் கூடுகிறது, குப்புற வைத்துப் பார்த்தால் குறைகிறது, எடை ஏறுகிறது என்றால் பெரும்பாலும் குரல்வளையின் குருத்தெலும்பு இளசாக இருப்பதுதான். ஒன்று ஒன்றரை வயதில், மிஞ்சினால் ரெண்டில் தானே போய்விடும். நெஞ்சுக்குழி உள்ளே வாங்கினாலோ, பால் குடிக்கத் திணறினாலோ, எடை ஏறாவிட்டாலோ, நீலம் பூத்தாலோ காத்திருக்காதீர்கள். எப்படியும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஸ்கோப் விட்டுப் பார்க்க மயக்கம் கொடுத்தால் அதிலும் பிள்ளை தானே மூச்சு விட்டாக வேண்டும். மூச்சு இழுக்கும்போது மடங்கி விழுகிற மடிப்பு, நாங்கள் காற்றை உள்ளே தள்ளினால் மடங்காது. நோயே காணாமல் போன மாதிரி இருக்கும்.

நான் மயக்கவியல் முதலாமாண்டு மாணவி. லட்சக்கணக்கில் விலையுள்ள மெஷின் இருக்க, எங்கள் மேடம் பச்சைப்பிள்ளை என்றால் அந்த பிளாஸ்டிக் ஜாக்சன் ரீஸைத்தான் கையில் எடுக்கிறார். ஏன் மேடம்?
– மாணவி, மதுரை

வா கண்ணு, எனக்குப் பிடித்த கேள்வி.

கையால் பையை அமுக்கி மூச்சு கொடுக்கிற அந்தக் கருவியின் அடிப்படை ஒரு டி வடிவக் குழாய். இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்தின் ஃபிலிப் ஏர் 1937இல் கொண்டுவந்தது. உதடும் அண்ணமும் பிளந்த குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்தவர் அவர். அவருக்கும் பிறவியிலேயே உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உண்டு. அந்தக் காலத்துக் கருவிகளில் இருந்த வால்வுகளை இழுத்துத் திறக்கப் பிள்ளையின் மூச்சுக்குப் பலமில்லை, முக்கி முக்கிக் களைத்துப்போகும். ஏர் வால்வையே தூக்கி எறிந்தார். 1950இல் லிவர்பூலின் ஜாக்சன் ரீஸ் அதன் முனையில் வால் திறந்த ஒரு பையைச் சேர்த்தார். அவ்வளவுதான் அந்தக் கருவி.

மெஷின் எண்ணைக் காட்டும். பை கையில் பேசும். பையைப் பிடிக்கும்போது வாலைச் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் கொடு, மற்ற விரல்களைத் தளர்வாக வை. பிள்ளை தானே இழுக்கும்போது பை லேசாக வாடும், விடும்போது உள்ளங்கையில் தட்டும். கோழிக்குஞ்சைக் கையில் பொத்தி வைத்த மாதிரி இருக்கும். நாக்கு சரிந்து பாதி அடைத்தால், திரையில் எண் இறங்குவதற்கு முன்னாலேயே அந்தத் தட்டு மாறும். தாடையைக் கொஞ்சம் தூக்கு, தோளுக்கடியில் மடித்த துணி நகர்ந்திருக்கிறதா பார். பச்சைப்பிள்ளைக்குப் பின்னந்தலை பெரிது, துணி விலகினால் கழுத்து மடங்கிவிடும். மறுபடி தட்டும்.

டியூப் மேசையில் 3.5, அதற்கு ஒரு சைஸ் கீழே 3, இன்னும் கீழே 2.5, மூன்றையும் பிரித்து வை. மூச்சுக்குழாய் எங்கே குறுகியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. உதட்டில் நிறுத்துகிற அளவு, பிள்ளையின் எடையோடு 6ஐக் கூட்டு, அத்தனை சென்டிமீட்டர். நேர் பிளேடு ரெண்டு, பல்பு எரிகிறதா பார், எரிந்தாலும் இன்னொன்று வை. லாரிஞ்சியல் மாஸ்க் ஒன்றாம் நம்பர் உன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவி சிஸ்டரிடம் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன், பட்ட அனுபவம்தான். நாக்கைத் தைக்க ஒரு சில்க் நூலும் நான் ரிட்டயர் ஆகும் வரை என் தட்டில் வைத்திருந்தேன். ஜூனியர்கள் சிரிப்பார்கள்.

(முதுகில் போடும் ஊசியால் ஆயுசுக்கும் இடுப்புவலி வருமா என்று கேட்டு எழுதிய பதினோரு பேருக்கும் அடுத்த மாதம் பதில்.)